வாய்க்காலைத் தாண்டிய கம்பி

அழைப்பு மணி வைத்த வீடுகளுக்குப் போனாலும் நான் கதவைத்தான் தட்டுவேன். பொத்தான் கண்ணுக்கு நேரே இருக்கும். விரல் அது வரைக்கும் போகும், தொடாமல் திரும்பிவிடும். அம்மாவுக்குக் கரெண்ட் என்றால் பயம் என்று என் மகன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். நானும் மறுப்பதில்லை. பயம் என்றால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடுகிறது.

உங்களிடம் வேறு மாதிரிச் சொல்லலாம். நீங்களும் என் வயதுக்காரர்கள். தீர்ந்துபோன டார்ச் லைட் பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து இன்னும் நாலு நாள் ஓட்டியவர்கள். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளுக்காகச் சித்தப்பாக்களின் பின்னாலேயே அலைந்து, அதை நகத்தால் நீவி நீவிப் புத்தகத்துக்குள் வைத்தவர்கள். நீங்கள் அந்தத் தாளின் வாசனையை நினைவில் வைத்திருப்பீர்கள், கொஞ்சம் புகையிலையும் கொஞ்சம் ஏலக்காயும். அந்த வாசனையில் இருந்துதான் எனக்கு எல்லாம் ஆரம்பித்தது.

மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். நான் ஆறாம் வகுப்பு. கோட்டையில் ஆட்சி மாறி, டீக்கடைப் பெஞ்சில் புதுக் கரை வேட்டிகள் உட்கார ஆரம்பித்திருந்த காலம். வயலோரத்தில் சிவப்புக் கொடிகளும் நின்றன. ஊருக்குள் மின்கம்பங்கள் வந்துவிட்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே நடந்தால் பத்தொன்பதாவது கம்பம் வாய்க்கால் கரையில் நின்றுவிடும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சேரி. அங்கே கம்பம் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் மதியம் மூன்றாவது பீரியட் நூல் நூற்பது. ஆளுக்கொரு தக்களி, ஆளுக்கொரு பஞ்சுப் பட்டை. சொல்லிக்கொடுத்தவர் கடற்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவர், ஒல்லியான மனிதர், வாரக் கடைசியில் ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை மீன் வாசனையோடு வருவார். எங்களுக்கு அவர் நூல் சார். அந்த ஐப்பசியில் பஞ்சு வரவில்லை. வராததில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. வெளியே அடைமழை. உள்ளே நாற்பது பிள்ளைகள், நாற்பது வெறும் தக்களிகள். சார் கொஞ்ச நேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் டார்ச் லைட்டை எடுத்து மேசை மேல் பிரித்துப் போட்டார். ஒரு கட்டை, ஒரு பல்பு, ஒரு ஈயத்தாள் துண்டு.

எரிய வையுங்க என்றார். அவ்வளவுதான் பாடம். எப்படி என்று சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஒவ்வொருவராகப் போனோம். பல்பைக் கட்டையின் தலையில் வைத்தோம், அடியில் வைத்தோம், ஊதினோம், ஒருத்தன் சாமி கும்பிட்டான். எரியவில்லை. கடைசியில் போனவள் என் ஜோடி. நூற்கும்போது இரண்டு இரண்டு பேராக உட்கார வைப்பார்கள், அதனால் ஜோடி. சேரிச் சனத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரில் ஒருத்தி. அவள் பல்பைக் கட்டையின் தலையில் நிறுத்தி, ஈயத்தாளின் ஒரு முனையைப் பல்பின் கழுத்தில் சுற்றி, மறுமுனையைக் கட்டையின் அடியில் வைத்து அமுக்கினாள். எரிந்தது. மழை இருட்டுக்குள் ஒரு மஞ்சள் பொட்டு. 

சார் ஒரு கண்ணைத் திறந்தார்.

"போனது திரும்பி வரணும். திரும்பி வர வழி இல்லாத இடத்துக்கு இது போகவே போகாது."

அதற்குப் பிறகு தினமும் அதே பைத்தியம். தீப்பெட்டியில் வீடு, செருப்புப் பெட்டியில் தெரு, தகரத்தை வெட்டி வளைத்துப் பொத்தான். ஒரு பெரிய அட்டையில் எங்கள் ஊரையே செய்தோம். கோயில், குளம், தெரு, ஈர்க்குச்சியில் கம்பங்கள். முதலில் எல்லா விளக்குகளையும் ஒரே மாலையாகக் கோத்தோம். ஒன்று பழுதானால் ஊரே இருண்டது. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகக் கிளை பிரிக்கக் கற்றுக்கொண்டோம். என் ஜோடி வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் ஒரு ஈர்க்குச்சி நட்டாள். அங்க ஏது கம்பம் என்று பெரிய பண்ணை வீட்டுப் பையன் பிடுங்கப் போனான்.

"அட்டையிலகூடவா கிடையாது?" என்றாள்.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பையன் கையை எடுத்துக்கொண்டான். சார் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கார்த்திகையில் ஆணிக்குக் கம்பி சுற்றினோம். ஆணி மேல் செம்புக் கம்பியைச் சுற்றிக் கட்டையில் இணைத்தால் ஆணி காந்தமாகிவிடும், மேலே இருக்கும் தகரத்தை இழுக்கும், தகரம் கீழே வைத்த கிண்ணத்தைத் தட்டும். மணி. இதற்குக் கம்பி வேண்டும். போன கோடையில் எங்கள் பம்ப்செட் மோட்டார் எரிந்துபோயிருந்தது. மன்னார்குடியில் இருந்து வந்த மோட்டார்க்காரர் உள்ளே இருந்த பழைய சுருளை வெட்டி எடுத்து ஒரு சாக்கில் போட்டுவிட்டுப் போனார். மாட்டுக் கொட்டகையில் கிடந்தது, கருகின வாசனையோடு. நான் யாரையும் கேட்காமல் கை கொள்ளும் மட்டும் அள்ளிக்கொண்டு போனேன். தக்களியைக் கொண்டே ஆணிகளுக்குச் சுற்றினோம். எங்கள் விரல்களுக்கு அந்த வேலை பழக்கம்தானே.

சுற்றினோம், இணைத்தோம், தட்டவில்லை. மூன்று நாள் தட்டவில்லை. நாலாவது நாள் சார் ஒன்றும் சொல்லாமல் ஒரு பழைய பிளேடை எங்கள் முன் வைத்துவிட்டுப் போனார். நானும் அவளும் அந்தப் பிளேடையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள்தான் கம்பியின் முனையை எடுத்துச் சுரண்டினாள். அதன் மேல் அரக்கு மாதிரி ஒரு பூச்சு இருந்தது. பூச்சு போனதும் உள்ளே செம்பு, குழந்தையின் ஈறு நிறத்தில். டக். கிண்ணம் சத்தம் கொடுத்தது. அவள் என் தோளைக் கடித்துவிட்டாள், சந்தோஷத்தில்.

பள்ளிக்கூட வாசலுக்குள் இருக்கும்வரை அவளுக்கு நான் "ஏ புள்ள". வாசலைத் தாண்டிவிட்டால் "வாங்க, போங்க". இதை யார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது. தகரம் மாதிரி, அமுக்கினால் ஒரு நிலை, விட்டால் ஒரு நிலை.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு நாள், வாசலுக்கு உள்ளே வைத்து, இந்த மணியை எங்க வீட்டுல கட்டலாமா புள்ள என்று கேட்டாள்.

அவள் அம்மாவுக்கு மாசம் கூடிக்கொண்டிருந்தது. அதற்கு முன் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. இந்த முறை நடுவிலேயே ரத்தம் பட்டு, எழுந்து நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சேரிச் சனம் என்றாலும் வீடு மட்டும் சேரியில் இல்லை. எங்கள் வாழைக்கொல்லைக்குக் காவலாக வாய்க்காலுக்கு இந்தக் கரையில் போட்ட தனிக் குடிசை. பிரசவம் பார்க்கத் தெரிந்த அவள் சின்னம்மா அந்தக் கரையில். நடுவில் வாய்க்காலும் ஒரு தென்னைமரப் பாலமும். சாதாரண வருஷமாக இருந்தால் தட்டை எடுத்து நாலு தட்டு தட்டினால் சின்னம்மா வந்துவிடுவாள். அது சாதாரண வருஷம் இல்லை. அறுப்புக் கூலிக்கு இன்னும் கொஞ்சம் நெல் கேட்டு அவள் அப்பாவின் சிவப்புக் கொடிச் சங்கம் நின்றது. பண்ணைகள் வெளியூர் ஆட்களை இறக்கப்போவதாகப் பேச்சு. பறை கேட்டால், தட்டு கேட்டால், ஆள் திரட்டுகிறார்கள் என்று போலீஸ் வந்துவிடும். வாய்விட்டுக் கத்த அவள் அம்மாவுக்குத் தெம்பு இல்லை.

சாரிடம் கேட்டோம். பள்ளிக்கூடத்து வேலை பள்ளிக்கூடத்தோட இருக்கட்டும் என்று முதலில் சொன்னார். அவர் வெளியூர்க்காரர். மறுநாள் தன் சைக்கிளின் பழைய டியூபைக் கொண்டுவந்து, முடிச்சு போடற இடத்துல இதை நறுக்கிச் சுத்துங்க, தண்ணி இறங்காது என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை, பனி மூட்டத்தில், நாங்கள் நாலு பேர் கம்பி இழுத்தோம். சாக்கில் இருந்தவை எல்லாம் துண்டுகள். ஒவ்வொரு துண்டின் முனையையும் சுரண்டி, முறுக்கி, டியூபால் கட்டி, போகவும் வரவும் இரண்டு வரிசை. மொத்தம் இருபத்துமூன்று முடிச்சு. கம்பியைத் தென்னைமரத்தின் அடிப்பக்கமாக ஓட்டினோம், மிதிபடக் கூடாது என்று. நாலு கட்டைகள் ஒரு மூங்கில் குழாய்க்குள். பொத்தான் அவள் அம்மாவின் தலைமாட்டில். மணி சின்னம்மா வீட்டு அடுப்படியில், அலுமினிய டம்ளரைக் கவிழ்த்து.

அம்மா முதல் தடவை அமுக்கினாள். அக்கரையில் டக். சின்னம்மா வெளியே ஓடிவந்து நின்றாள். அம்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கக்கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு சிரித்தாள். அன்று முழுவதும் காரணமில்லாமல் அமுக்கினாள். ஐந்தாவது தடவை சின்னம்மா மாவுக் கையோடு வாய்க்கால் கரைக்கு வந்தாள்.

"இன்னொரு தடவ சும்மா அமுக்குன, வந்து கையை ஒடிச்சுருவேன் பாத்துக்க."

பிறகு சட்டம் போட்டார்கள். ஒரு தட்டு என்றால் சும்மா வந்து உட்காரு. இரண்டு என்றால் தண்ணீர். விடாமல் அடித்தால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வா.

வாய்க்காலைத் தாண்டிப் போன முதல் மின்சாரம் அதுதான். அதைச் செய்தவர்களுக்குப் பதினோரு வயது.

தை பிறந்தது. அறுப்பு நின்றது. கதிர் சாய்ந்து தரையைத் தொட்டது. ஒரு விடியலில் என் அப்பா வாழைக்குத் தண்ணீர் இறைக்கப் போனபோது, கம்பத்தில் இருந்து மோட்டார்க் கொட்டகைக்கு வரும் கனத்த ஒயரைக் காணவில்லை. யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். யார் என்று இன்றைக்கு வரை தெரியாது. அப்பா அவ்வளவாகக் கோபப்படவில்லை. வேறு ஒயர் வாங்கவேண்டியதுதான் என்றார். ஆனால் பெரிய பண்ணையின் காரியக்காரர் காபி ஆறுவதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னைக்கு ஒயர், நாளைக்கு ஆளு, போலீசுக்கு எழுதிக் குடுங்க என்று நின்றார். அப்பா எழுதிக் கொடுத்தார்.

பத்து மணிக்கு இரண்டு போலீஸ்காரர்களும் காரியக்காரரும் குடிசைகளில் தேடினார்கள். தேடுவதற்கு என்ன இருந்தது? பாலத்தடியில் செம்பு மின்னியது.

எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். போலீஸ்காரர் கையில் கம்பி ஒரு மாலை போலத் தொங்கியது, டியூப் முடிச்சுகளோடு. இன்னொரு கையில் மூங்கில் குழாய். பின்னால் என் ஜோடியின் அப்பா, மேல் துண்டு இல்லாமல், அதைக் கொண்டே கைகளைக் கட்டியிருந்தார்கள். சத்தம் போடாம ஆள் கூப்பிட்டுக்க ஏற்பாடு பண்ணியிருக்கான் என்று காரியக்காரர் சொன்னார். அவர் குரலில் கொஞ்சம் வியப்பும் இருந்தது. ஒரு சேரிக்காரன் வீட்டில் இவ்வளவு நேர்த்தியான ஒன்றை அவர் பார்த்ததில்லை.

நான் சொன்னேன். சொல்லாமல் இருந்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அதுதான் இதில் பெரிய கஷ்டமே. தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அப்பா, அது நம்ம பழைய மோட்டார் சுருள். நான்தான் எடுத்துக் குடுத்தேன். சாக்குல மீதி இருக்கு, காட்டவா?"

காரியக்காரர் சிரித்தார். பாப்பாவுக்கு சிநேகிதி மேல பாசம் என்றார்.

யாரோ சொல்லி சார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். இறங்கும்போதே மூச்சு வாங்கியது.

"ஐயா, அறுந்துபோனது ஏழு இழை, கறுப்பு ரப்பர் போட்டது. மோட்டார்ப் பக்கம் அடித்துண்டு தொங்கும், போய்ப் பாருங்க. இது ஒத்தை இழை. எங்க ஆறாம் வகுப்புல எந்தப் புள்ளைய வேணா கேளுங்க, சொல்லும்."

"நீங்க நூல் வாத்தியார்தானே சார்?" என்று கேட்டார் காரியக்காரர். "நூலைப் பாருங்க."

ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்க என்றார் போலீஸ்காரர், சாதாரணமாக, வழி சொல்வது போல.  சார் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

அப்பா கம்பியைக் கையில் வாங்கினார். பெருவிரலால் அந்த அரக்குப் பூச்சைத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். அந்தக் கருகல் வாசனை அவருக்குத் தெரியும். அந்த மோட்டார் எரிந்த அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தவர் அவர். கட்டப்பட்டிருந்தவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

அப்பா என்னிடம் சொன்னார். "உள்ள போம்மா."

போலீஸ்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

மதியம் சோற்றில் கையை வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ரெண்டு நாள்ல விட்டுருவாங்க. இப்ப நான் மாத்திச் சொன்னா, பண்ணைக்காரங்க நம்ம அறுப்புக்கு ஒரு ஆளை விடமாட்டாங்க. கதிர் உதிர்ந்துபோயிடும். அவனுக்கு நான் அப்புறம் ஏதாவது செஞ்சுடறேன். அப்பா கெட்டவர் இல்லை. இந்த வாக்கியத்தை நாற்பது வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் முடிக்கும்போது ஏதோ ஒன்று குறைகிறது. அவர் போட்ட கணக்கில் நாட்கள் இருந்தன, கதிர் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். வாய்க்கால் கரையில் படுத்திருந்த ஒரு பெண்ணின் வயிறு மட்டும் அதில் இல்லை.

மறுநாள் சேரிப் பெண்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். சின்னம்மா போக மாட்டேன் என்றாளாம். இன்னும் ஒரு மாசம் கெடக்கு, நீ பேசினாத்தான் எடுபடும், நீ போ என்று அனுப்பியவள் அந்த அம்மாதான். மகளை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்த மகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தது நாங்கள்.

சாருக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை போலும், கண் சிவந்திருந்தது. மூன்றாவது பீரியடில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அறுந்த ஒயரையும் இந்தக் கம்பியையும் பக்கத்துப் பக்கத்தில் வரையுங்கள், வித்தியாசத்தை எழுதுங்கள், கீழே பெயர் போடுங்கள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். அவளும் வரைய வேண்டும் என்று நான் சொன்னேன். முடிச்சு எங்கெங்கே என்று அவளுக்குத்தான் சரியாகத் தெரியும். ஒரு பையன் ஓடிப்போய்க் கூட்டிவந்தான். அவள் அம்மாவே போகச் சொன்னாளாம், அப்பாவுக்காகத்தானே என்று.

நாற்பது பேர் வரைந்தோம். அப்படி ஒரு அமைதி அந்த வகுப்பில் அதற்கு முன் இருந்ததில்லை. ஏழு சின்ன வட்டங்கள், சுற்றிக் கறுப்பு வளையம். பக்கத்தில் ஒரே ஒரு வட்டம். அவள் இருபத்துமூன்று முடிச்சையும் போட்டாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, பென்சிலை நனைத்து நனைத்து. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நாற்பது பிள்ளைகளுக்கு உண்மை தெரியும், நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், இனி என்ன என்று நான் நினைத்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த நிறைவை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

தாள்களைத் தலைமை ஆசிரியர் வாங்கிப் பார்த்தார். பிள்ளைகளை இதில் இழுக்காதீர்கள் என்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அந்த மாதமே சாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தக்களிகள் மேசையிலேயே கிடந்தன.

அவள் அப்பாவை விட்டுவிட்டார்கள். என் அப்பா சொன்னது நடந்தது, இரண்டு நாளில் இல்லை, நாலாம் நாள். அதற்குள் குழந்தையைப் புதைத்தாகிவிட்டது. ஆண் குழந்தை. அழவே இல்லையாம். அந்த அம்மா பிழைத்தாள். தை முடிவதற்குள் அவர்கள் நாகப்பட்டினம் பக்கம் உறவுக்காரர்களிடம் போய்விட்டார்கள். அதன் பின் அவளை நான் பார்க்கவில்லை.

போவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வெளியே நின்றபடி என்னைக் கூப்பிட்டாள். கையில் பொத்தான் இருந்தது, நான் வெட்டி வளைத்த தகரம், அவள் ஆணி அடித்த பலகைத் துண்டு.

"இது தகரம், செம்பு இல்ல. அதனால இதை விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள். "தலைமாட்டுலயே கெடந்துச்சு. அன்னைக்குப் படம் வரைஞ்சுட்டு நான் போய்ப் பாக்கறப்ப அம்மா கை இதும்மேலதான் இருந்துச்சு. விடாம அமுக்கியிருக்கு."

நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கம்பி இல்லைன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்ங்க" என்றாள்.

பொத்தானை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வாய்க்கால் பக்கமாக நடந்தாள். தகரம் ஆணியோடு ஒட்டிக் கிடந்தது. நகத்தால் நெம்பி நிமிர்த்தினேன். நிமிர்ந்தது. கையை எடுத்ததும் மறுபடி படிந்துகொண்டது.